நைஜீரியாவா, கானாவா: ‘இதர செலவு’க்கு யார் முறை தேவலை?

காம்பியாவோ சியரா லியோனோ நாளைக்கே தன் நிதிச் சட்டத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தால், முதலில் எட்டிப் பார்ப்பது அக்கம்பக்கத்தைத்தான். பிரிட்டிஷ் ஆட்சி விட்டுப்போன அதே கணக்கு மரபில் வந்த இரண்டு பெரிய நாடுகள் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கின்றன: நைஜீரியா, கானா. சம்பளம், வட்டி, சாலை, பள்ளிக்கூடம் என்று பெயர் சொல்லக்கூடிய செலவுகளுக்கு இரண்டில் யாரைப் பின்பற்றினாலும் பெரிய வித்தியாசம் வந்துவிடாது. எந்தத் தலைப்பிலும் அடங்காத பணம்தான் விவகாரம். வெள்ளம் வருகிறது, வழக்கில் அரசு தோற்றுப்போகிறது, பக்கத்து நாட்டுத் தலைவர் திடீரென்று வந்து இறங்குகிறார், ஏதோ ஒரு சர்வதேச அமைப்புக்குச் சந்தா பாக்கி நிற்கிறது. இதற்கெல்லாம் எங்கிருந்து எடுப்பது, யார் கையெழுத்துப் போடுவது, அப்புறம் யாரிடம் கணக்குச் சொல்வது?

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றுதான் என்றால் கானா. ஆனால் முழு மனதோடு இல்லை. நைஜீரியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு நல்ல பழக்கங்களும் இருக்கின்றன. இதர செலவை முன்கூட்டியே கட்டிப்போட முடியாது. எதற்கு, எவ்வளவு என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் அதற்கென்று ஒரு தலைப்பு போட்டிருப்பார்களே. ஆகவே, செலவழித்த பிறகு பிடித்து உட்காரவைத்துக் கேட்கிற ஏற்பாடு எங்கே பலமாக இருக்கிறதோ, அங்கேதான் இந்தப் பணத்தை ஓரளவு நம்பி விடலாம்.

எண்ணை எண்ணோடு ஒப்பிட்டால் ஏமாறுவோம்

உலக வங்கியின் புள்ளிவிவரத் தொகுப்பில் ‘இதர செலவு’ என்று ஒரு வரிசையே உண்டு. இரண்டு நாடுகளைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் பக்கத்தில் எண் வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ‘நைஜீரியா இத்தனை மடங்கு வீண்செலவு செய்கிறது’ என்று எழுதிவிடுவது ரொம்பச் சுலபம். அந்த வரிசையின் விளக்கத்தைப் படித்தால் உற்சாகம் குறைந்துவிடும். பங்காதாயம், வாடகை, பலவகைச் செலவுகள், போதாததற்குத் தேய்மான ஒதுக்கீடு, எல்லாம் ஒரே வரியில். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதே தெரியாது.

நாணயம் இன்னொரு பொறி. அட்டவணை உள்நாட்டு நாணயத்தில் இருந்தால் ஒரு பக்கம் நைஜீரியாவின் நைரா, மறுபக்கம் கானாவின் செடி. 2024-ல் ஒரு டாலருக்குச் சுமார் 1,500 நைரா கொடுக்க வேண்டியிருந்தது. செடியோ 15-ஐச் சுற்றிக்கொண்டிருந்தது. வெறும் எண்ணைப் பார்த்தால் நைஜீரியா நூறு மடங்கு ஊதாரியாகத் தெரியும். அதோடு கானா 2007 ஜூலையில் தன் நாணயத்தில் நான்கு சைபரை வெட்டியது. 10,000 பழைய செடி ஒரு புதிய செடி ஆனது. அதற்கு முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடுகிறவர்கள் இதைச் சரிபார்க்காவிட்டால் தலைகீழான முடிவுக்குப் போவார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், ‘அரசு’ என்று யாரைச் சொல்கிறோம் என்பது. கானா ஒற்றையாட்சி. 16 பிராந்தியங்கள், 261 மாவட்ட, நகர மன்றங்கள் இருந்தாலும் பணப்பை தலைநகர் அக்ராவில்தான் இருக்கிறது. நைஜீரியா கூட்டாட்சி: 36 மாநிலங்கள், 774 உள்ளாட்சிகள். கூட்டாட்சிக் கணக்கில் சேரும் வருமானத்தில் மத்திய அரசுக்குப் போவது 52.68 சதவீதம், மாநிலங்களுக்கு 26.72, உள்ளாட்சிகளுக்கு 20.60. ஆக, தலைநகர் அபுஜாவின் பட்ஜெட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ‘இதுதான் நைஜீரியாவின் இதர செலவு’ என்றால் கிட்டத்தட்ட பாதி வீட்டை அளந்துவிட்டு முழு வீட்டுக்கு விலை சொல்வது போல.

ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு அளவுகோலை நான் ஏற்றுக்கொள்வேன். பொது நிதி நிர்வாகத்தை மதிப்பிடப் பயன்படும் பேஃபா முறையில், எதிர்பாராச் செலவுக்கென்று வைத்த தொகையிலிருந்து நேரடியாகச் செலவான பணம் பட்ஜெட்டில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். சராசரி 3 சதவீதத்துக்குள் இருந்தால் ‘ஏ’. 6 வரை ‘பி’. 10 வரை ‘சி’. நாணயமும் நாட்டின் பருமனும் இதில் குழப்பாது. இதிலும் ஒரு ஓட்டை உண்டு. அந்தப் பணத்தை வேறு பெயரில் எழுதிவிட்டால் சதவீதம் அழகாக வந்துவிடும்.

பணம் உட்கார்ந்திருக்கும் இடம்

நைஜீரியாவில் இதர செலவு மூன்று மாடிகளில் இருக்கிறது.

தரைத்தளத்தில் ஒவ்வொரு அமைச்சகத்துக்கும், ஒவ்வொரு வாரியத்துக்கும், ஏன், மத்திய அரசு நடத்தும் பள்ளிக்கூடத்துக்கும்கூட ‘பலவகைச் செலவு – பொது’ என்று ஒரு தலைப்பு. தேசியக் கணக்குக் குறியீட்டில் அதற்கு எண் 220210. அதன் கீழே சிற்றுண்டி, சாப்பாடு ஒரு வரி. மதிப்பூதியமும் அமர்வுப் படியும் ஒரு வரி. விளம்பரம் ஒரு வரி. மருத்துவச் செலவு, தபால் கூரியர், ‘வெல்ஃபேர் பேக்கேஜ்’, தொழில்முறைச் சங்கங்களுக்குச் சந்தா, விளையாட்டுப் போட்டி என்று வரிசையாகப் போகும். வெல்ஃபேர் பேக்கேஜில் என்ன வேண்டுமானாலும் அடங்கும். அரிசி மூட்டையும் அடங்கும், கவரும் அடங்கும். ஆனால் அச்சிட்ட பட்ஜெட்டில் எந்த அலுவலகம் டீ, பிஸ்கட்டுக்கு எவ்வளவு கேட்கிறது என்பது வரிக்கு வரி தெரிகிறது. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எத்தனையோ பணக்கார நாடுகள் இந்த அளவுக்கு உடைத்துக் காட்டுவதில்லை.

இதன் பலன் 2023 நவம்பரில் பளிச்சென்று தெரிந்தது. குடியரசுத் தலைவர் டினுபுவின் ஆட்சி ஏறத்தாழ 2.17 லட்சம் கோடி நைராவுக்குத் துணை பட்ஜெட் கொண்டுவந்தது. உள்ளே கடற்படையின் பட்டியலில் ‘குடியரசுத் தலைவர் உல்லாசப் படகு’ என்று ஒரு வரி, சுமார் 500 கோடி நைரா. பெட்ரோல் மானியத்தை எடுத்து ஆறு மாதம்கூட ஆகாத நேரம். வரி கண்ணில் பட்டதும் நாடே கொதித்தது. பிரதிநிதிகள் சபை அந்தப் பணத்தை எடுத்து மாணவர் கடனுக்குத் திருப்பிவிட்டது. படகுக்கு என்று வெளிப்படையாக எழுதியதால்தான் மாட்டியது. ‘இதர கடற்படைச் செலவு’ என்று எழுதியிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

இரண்டாம் மாடி ‘சர்வீஸ் வைட் வோட்ஸ்’. எந்த ஒரு அமைச்சகத்துக்கும் சொந்தமில்லாத, மையத்தில் நிதி அமைச்சகமும் பட்ஜெட் அலுவலகமும் தலைமைக் கணக்காளர் அலுவலகமும் கையாளும் தொகுப்பு. அவசரச் செலவு இதில். சம்பள உயர்வுக்கான ஒதுக்கீடு இதில். குழுக் காப்பீடு, சர்வதேச அமைப்புகளுக்குச் சந்தா, ஓய்வூதியத்தில் ஒரு பெரும்பகுதி, எல்லாம் இதில். 2020-ல் கொரோனாவுக்கென்று ஒதுக்கிய 50,000 கோடி நைரா போன்ற திடீர் ஒதுக்கீடுகளும் இப்படி மையத்தில்தான் வந்து சேரும். ஓய்வூதியம் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய பணம். அவசரச் செலவு அரசின் விருப்பப்படி போவது. இரண்டையும் ஒரே பானையில் போட்டால் பானை பெரிதாகிவிடும். உள்ளே எது எவ்வளவு என்று கேட்பவருக்கு ‘அதில் ஓய்வூதியமும் இருக்கிறதே’ என்று பதில் ரெடி. செனட்டின் பொதுக் கணக்குக் குழுவே இந்தத் தொகுப்பை விசாரணைக்கு எடுத்ததுண்டு. கணக்குக் கேட்டால், பணம் எடுத்த துறை ‘மையம்தான் கொடுத்தது’ என்கிறது. மையம் ‘துறைதான் செலவழித்தது’ என்கிறது.

மூன்றாம் மாடி பாதுகாப்பு ஒதுக்கீடு. ‘செக்யூரிட்டி வோட்’ என்பார்கள். கோவன் காலத்து ராணுவ ஆட்சியில் முளைத்தது, ஜனநாயகம் வந்த பிறகும் போகவில்லை. குடியரசுத் தலைவர் முதல் மாநில ஆளுநர்கள் வரை (நைஜீரியாவில் ஆளுநர் என்றால் தேர்தலில் வென்ற மாநிலத் தலைவர், நம் ஊர் ஆளுநர் இல்லை) தங்கள் விருப்பப்படி எடுக்கும் பணம். பெரும்பாலும் ரொக்கம். தணிக்கை கிடையாது. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதை ஆண்டுக்கு 24,120 கோடி நைரா, அதாவது 67 கோடி டாலர் என்று கணக்கிட்டது. நைஜீரியப் போலீஸின் ஆண்டு பட்ஜெட்டில் 70 சதவீதத்துக்கும் மேல். போலீஸ்காரருக்குச் சீருடைக்குப் பணம் இல்லை என்கிற நாட்டில்.

கானாவில் இப்படி மாடி மாடியாக இல்லை. இருப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் மங்கலாகவே தெரியும். பட்ஜெட் ஊழியர் ஊதியம், பொருட்களும் சேவைகளும், மூலதனச் செலவு என்று பெரிய பெரிய கட்டிகளாக வருகிறது. சர்வதேசக் குறியீட்டை ஒட்டி 28-ஆம் எண்ணில் ‘இதர செலவு’. அதில் நன்கொடை, பரிசுகள், உதவித்தொகை, நீதிமன்றச் செலவு, இழப்பீடு. ஓய்வூதியம் இங்கே வந்து கலப்பதில்லை. அது ஊதியத் தலைப்போடு போகிறது. அதோடு ஒரு மையத் தொகுப்பு, ‘இதர அரசுக் கடப்பாடுகள்’ என்ற பெயரில். அதற்குள்ளேதான் எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடும் இருக்கிறது. எவ்வளவு என்பது பட்ஜெட்டில் தெரியும், எதற்கு என்பது தெரியாது.

மாநில ஆளுநர்கள் இல்லாததால் பாதுகாப்பு ஒதுக்கீடு என்ற பிரச்சினை அந்த வடிவில் கானாவில் எழவே இல்லை. அதற்காக உளவுப் பணத்தில் கானா சுத்தம் என்று நினைக்க வேண்டாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யார் கையெழுத்து?

இரண்டு அரசியல் சாசனங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரே ஒரு இடத்தில் பாதை பிரிவது தெரியும். நைஜீரியாவின் 83-ஆம் பிரிவு, எதிர்பாராச் செலவு நிதி ஒன்றைச் சட்டம் போட்டு உருவாக்கலாம் என்கிறது. அவசரமும் எதிர்பாராததுமான தேவை வந்திருக்கிறதா என்று முடிவு செய்து முன்பணம் கொடுப்பவர் குடியரசுத் தலைவர். கானாவின் 177-ஆம் பிரிவும் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில்தான் இருக்கிறது. ஆனால் முடிவு செய்வது நாடாளுமன்றத்தின் நிதிக் குழு. செலவழிப்பவரே அவசரம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இன்னொருவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

இந்தக் கதவு கானாவில் நிஜமாகவே பயன்பட்டிருக்கிறது. 2020-ல் கொரோனா வந்தபோது, எண்ணெய் வருமானத்திலிருந்து சேர்த்து வைத்திருந்த நிலைப்படுத்தும் நிதியின் உச்சவரம்பை 30 கோடி டாலரிலிருந்து 10 கோடிக்குக் குறைத்து, மிச்சத்தை எதிர்பாராச் செலவு நிதிக்கு மாற்ற நாடாளுமன்றத்திடம் போனார்கள். சம்மதம் வாங்கி, நிவாரணத் திட்டத்துக்கு எடுத்தார்கள். பிடிக்கிறதோ இல்லையோ, வழி முறையானது.

நைஜீரியாவின் எண்ணெய்ச் சேமிப்பைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 2004-ல் குடியரசுத் தலைவர் ஒபாசஞ்சோ காலத்தில் தொடங்கிய ‘எக்ஸஸ் க்ரூட்’ கணக்கில் 2008 இறுதியில் 2,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. அதற்கென்று உறுதியான சட்ட அடித்தளம் இல்லை. மத்திய அரசும் ஆளுநர்களும் சேர்ந்து பேசி எடுத்தார்கள். 2022-க்குள் அதில் மிஞ்சியது 5 லட்சம் டாலருக்கும் குறைவு. லட்சம்தான், கோடி இல்லை.

ஆனால் கானாவின் முன்கதவு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பக்கக் கதவு ஒன்று இருக்கிறது. அதற்குச் சாட்சி தேசியக் கதீட்ரல். 2016 தேர்தலில் வென்றால் கடவுளுக்கு ஒரு பேராலயம் கட்டுவதாக, பிறகு கானாவின் குடியரசுத் தலைவரான அகுஃபோ-அட்டோ வேண்டிக்கொண்டிருந்தார். கட்டடக் கலைஞர் டேவிட் அட்ஜாயே வரைந்த திட்டம், அக்ராவின் நடுவில் இடம், 2020-ல் அடிக்கல். அரசு இடமும் ஆரம்ப முதலும் மட்டும்தான் தரும், மற்றது நன்கொடை என்றார்கள். நன்கொடை வரவில்லை, அரசுப் பணம் 5.8 கோடி டாலர் போனது. நிலத்தில் பெரிய குழிதான் இருந்தது.

2022-ல் நிதி அமைச்சர் கென் ஒஃபோரி-அட்டா மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபோது, விசாரணைக் குழுவின் முன் அவர் சொன்ன பதில்தான் நம் விஷயத்துக்கு முக்கியம். எதிர்பாராச் செலவு ‘நிதி’யிலிருந்து நான் ஒரு காசு எடுக்கவில்லை, ‘இதர அரசுக் கடப்பாடுகள்’ தலைப்பில் உள்ள எதிர்பாராச் செலவு ‘ஒதுக்கீட்டி’லிருந்து எடுத்தேன், அது எப்போதும் நடப்பதுதான் என்றார். நிதிக்குத்தான் நாடாளுமன்றக் குழுவின் கையெழுத்து வேண்டும். ஒதுக்கீட்டுக்கு, பட்ஜெட்டோடு ஏற்கெனவே மொத்தமாகச் சம்மதம் கிடைத்துவிட்டதே! அந்தத் தீர்மானம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைக்காமல் விழுந்தது. ஆளுங்கட்சியினர் வெளிநடப்பு செய்திருந்தார்கள்.

ஒரு ஆண்டுக்கு ஒரு தேவாலயத் திட்டம் வரலாம், ஹஜ் யாத்திரைக்கு மானியம் வரலாம் (2024-ல் நைஜீரியா 9,000 கோடி நைரா கொடுத்தது). நம்பிக்கை சார்ந்த செலவு தப்பா சரியா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஐந்து ஆண்டு நீளும் கட்டடத்தை ‘எதிர்பாராச் செலவு’ என்று எழுதுவது மட்டும் எந்தக் கணக்கர் மனதுக்கும் ஒட்டாது.

செலவழித்த பிறகு

இதுவரை பார்த்தால் சமநிலை மாதிரித்தான் தெரியும்: நைஜீரியா முன்னால் நன்றாகக் காட்டுகிறது, கானா முன்னால் கட்டியாகக் காட்டுகிறது. தராசு சாய்வது இனிமேல்தான்.

கானாவின் சாசனப்படி தணிக்கையாளர் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். நைஜீரியாவில் 90 நாள். கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 90 நாள் எண்ணத் தொடங்குவது தலைமைக் கணக்காளர் கணக்கைக் கையில் கொடுத்த நாளிலிருந்து. அவர் கொடுக்காமல் இழுத்தால் கடிகாரமே ஓடாது. அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் பின்தங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். தணிக்கை அலுவலகத்துக்குச் சட்ட பலமோ 1956-ஆம் ஆண்டு, சுதந்திரத்துக்கு முந்தைய சட்டத்திலிருந்து வருகிறது. அதை மாற்றத் தேசிய சபை நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் திரும்பி வந்தது.

கானாவில் தணிக்கையாளர் குறிப்பெழுதிவிட்டுப் போகிறவர் மட்டும் இல்லை. 187-ஆம் பிரிவின்படி முறையற்ற செலவை அவர் ஏற்க மறுக்கலாம். அதைச் செய்த அதிகாரியே சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று உத்தரவிடலாம். சாசனத்தில் 1992-லிருந்து தூங்கிக்கொண்டிருந்த இந்த அதிகாரத்தை எழுப்பியது ‘ஆக்குபை கானா’ என்ற குடிமக்கள் அமைப்பு. 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம், இது விருப்பம் இல்லை, கடமை என்று தீர்ப்பளித்தது. அப்போதைய தணிக்கையாளர் டேனியல் டொமலேவோ அடுத்த ஆண்டு முடிவதற்குள் 6.73 கோடி செடியைத் திருப்பி வசூலித்துக் காட்டினார்.

இந்த முறை எவ்வளவு பொடிப்பொடியாகப் பார்க்கும் என்பதற்குக் கொரோனாச் செலவின் தணிக்கை நல்ல உதாரணம். 2023 ஜனவரியில் வெளியான அந்த அறிக்கை, திரட்டிய பணம் 2,184 கோடி செடி, அதில் கொரோனாப் பணிகளுக்குப் போனது 1,175 கோடிதான், மீதி பொது பட்ஜெட்டுக்குப் போய்விட்டது என்றது. அவசரம் என்று சொல்லித் திரட்டியதில் பாதிக்கு நெருக்கமான பணம்! அதே அறிக்கையில் இன்னொரு பக்கத்தில், தகவல் அமைச்சகம் பொதுமுடக்கத்தின்போது வேலைக்கு வந்த தன் ஊழியர்களுக்கு ஒப்புதல் இல்லாமல் கொடுத்த 1,51,500 செடியும் இருக்கிறது. ஆயிரம் கோடியைப் பார்க்கிற அதே கண் ஒன்றரை லட்சத்தையும் பார்த்திருக்கிறது. இந்த மாதிரி விஷயங்கள் பிறகு பொதுக் கணக்குக் குழுவில் வரும். கானாவில் 2007 முதல் அந்தக் குழு மக்கள் முன்னிலையில், கேமரா ஓட ஓட விசாரிக்கிறது. அமைச்சகச் செயலாளர் ஒருவர் வவுச்சர் எங்கே என்ற கேள்விக்குத் திணறுவதை நாடே பார்க்கலாம்.

நைஜீரியப் பக்கத்தில் இதற்கு இணையாக வைக்க ஒரு காட்சி இருக்கிறது, ஆனால் அது தணிக்கையாளர் கண்டுபிடித்தது இல்லை. 2017 ஏப்ரலில் லாகோஸின் இக்கோயி பகுதியில், ஆஸ்போர்ன் டவர்ஸ் என்ற குடியிருப்பின் ஒரு வீட்டை ஊழல் தடுப்பு அமைப்பு சோதனை போட்டது. உள்ளே ரொக்கமாக 4.34 கோடி டாலர், 2.32 கோடி நைரா, 27,800 பவுண்டு. அது தங்கள் ரகசியப் பணிக்கான பணம் என்றது தேசிய உளவு நிறுவனம். அதன் தலைவர் பதவி இழந்தார். பணம் நீதிமன்ற உத்தரவுப்படி அரசுக்குப் போனது. சோதனை நடந்திருக்காவிட்டால் அந்தப் பணம் எந்தக் கணக்கிலும் முகம் காட்டியிருக்காது.

அச்சிட்ட வரியாலும் பலன் இல்லாமல் போவதுண்டு. குடியரசுத் தலைவர் மாளிகை மருத்துவமனைக்கு 2016 பட்ஜெட்டில் 300 கோடி நைராவுக்கு மேல் எழுதியிருந்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள், சத்தமும் போட்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவரின் மனைவி ஆயிஷா புகாரியே மேடையில் நின்று, அங்கே ஒரு ஊசிகூட இல்லை என்றார். தலைப்பு இருந்தது, தொகை இருந்தது, ஊசி இல்லை. அந்தப் பணத்தை யார் திருப்பிக் கட்டினார்கள்?

எதிர்வாதங்கள்

கானாவின் பல் தணிக்கையாளரின் நாற்காலியைப் பொறுத்தது. டொமலேவோ 10 லட்சம் டாலர் ஆலோசனைக் கட்டணம் ஒன்றை ஏற்க மறுத்து மூத்த அமைச்சரோடு மோதினார். உயர் நீதிமன்றத்தில் அந்த உத்தரவு நிற்கவில்லை. 2020 ஜூலையில் சேர்ந்துபோன விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்: 167 நாள். திரும்பி வந்ததும் வயதைக் காட்டி ஓய்வு. அப்படி அனுப்பியது சாசனத்துக்கு விரோதம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான், மூன்று வருஷம் லேட்.

இன்னொன்று, இதர செலவை என்னதான் இறுக்கினாலும் பில்லே போடாமல் வேலை வாங்கினால் என்ன செய்வது? 2025 மார்ச் பட்ஜெட்டில் கானாவின் புதிய நிதி அமைச்சர் கேசியல் அட்டோ ஃபோர்சன், முந்தைய ஆட்சி விட்டுப்போன பாக்கிகள் 6,700 கோடி செடிக்கு மேல் என்றார். நைஜீரியாவில் அதே வேலையை மத்திய வங்கியின் ஓவர்டிராஃப்ட் செய்தது: 22.7 லட்சம் கோடி நைரா வரை ஏறி, 2023-ல் நீண்டகாலக் கடனாக மாற்றப்பட்டது. இவற்றின் முன்னால் சிற்றுண்டிச் செலவெல்லாம் தூசு.

நைஜீரியாவுக்கு ஆதரவாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2019 டிசம்பரில் ‘ஓப்பன் ட்ரெஷரி’ இணையதளம் தொடங்கினார்கள். அரசு அமைப்புகள் 50 லட்சம் நைராவுக்கு மேல் போகும் ஒவ்வொரு பட்டுவாடாவையும் தினமும் வெளியிட வேண்டும் என்பது விதி. வெளியான சில மாதங்களிலேயே பட்ஜிட் என்ற குடிமை அமைப்பு, தனிநபர் கணக்குகளுக்குப் போன பெருந்தொகைகளையும், ‘எதற்காக’ என்ற கட்டம் காலியாக விடப்பட்ட பட்டுவாடாக்களையும் எடுத்துக் காட்டியது. பிறகு தளம் ஒழுங்காகப் புதுப்பிக்கப்படவில்லை என்பது வருத்தம். ஆனால் யோசனை அருமை. கானாவிடம் இது இல்லை. அதன் கணினிக் கணக்கு முறை உள்ளே நன்றாக ஓடினாலும் வெளியாள் அன்றாடப் பட்டுவாடாவைப் பார்க்க வழியில்லை.

என்ன எடுத்துக்கொள்ளலாம்

காம்பியாவோ சியரா லியோனோ என்னிடம் கேட்கப் போவதில்லை. கேட்டால், கானாவின் சட்டகத்தை எடுத்து, கதீட்ரல் போன பக்கக் கதவை அடைக்கச் சொல்வேன். நிதி, ஒதுக்கீடு என்று இரண்டு வேண்டாம். எந்தப் பெயரில் இருந்தாலும் பெயர் குறிப்பிடாத பணத்துக்கு நாடாளுமன்றக் குழுவின் சம்மதம் வேண்டும். மொத்தம் பட்ஜெட்டில் 3 சதவீதம் தாண்டக் கூடாது. ஓய்வூதியம், சந்தா போல முன்பே தெரிந்த எதையும் அதில் கலக்கக் கூடாது. கலந்தால் 3 சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை.

நைஜீரியாவிடமிருந்து இரண்டு: சிற்றுண்டி வரை உடைத்துக் காட்டும் குறியீடு, பட்டுவாடாவை அன்றைக்கே வெளியிடும் விதி. அந்த விதியில் பெறுபவர் பெயரோ காரணமோ காலியாக இருந்தால் கணினி பணத்தை விடவே கூடாது. இதைச் சட்டத்தில் எழுதுவதைவிட மென்பொருளில் எழுதுவது பலன் தரும்.

தணிக்கையாளரை விடுப்பில் அனுப்பும் அதிகாரம் யாருக்கும் இருக்கக் கூடாது என்று தனியாக ஒரு வரி. அதிகாரி சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்ற உத்தரவுக்கு மேல்முறையீடு இருக்கட்டும், அது தவறில்லை.

மிச்சம் இருப்பது உளவுப் பணம். இதில் இரண்டு நாடுமே உதவாது. கானாவிலும் 2025-ல் நேஷனல் சிக்னல்ஸ் பியூரோ என்ற உளவு அமைப்பின் முன்னாள் தலைவர் மீது, இணையப் பாதுகாப்பு மென்பொருளுக்கென்று எடுத்த 4.9 கோடி செடி அளவுக்குப் பணத்தைத் திருப்பிவிட்டதாக வழக்கு வந்தது. குற்றச்சாட்டு நிரூபணமாவது நீதிமன்றத்தின் கையில். ரகசியச் செலவு ஒரு நாட்டுக்குத் தேவையில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ரகசியம் பொதுமக்களிடமிருந்துதான். தணிக்கையாளரிடமிருந்தும், சத்தியப்பிரமாணம் எடுத்த நான்கைந்து எம்.பி.க்களின் மூடிய குழுவிடமிருந்தும் இல்லை. அந்தக் குழுவில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவராவது இருக்க வேண்டும். மாநில அளவில், மாவட்ட அளவில் ரொக்கமாக எடுக்கும் பாதுகாப்பு ஒதுக்கீடு மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பிடுங்க முடியாது. நைஜீரியாவில் ராணுவ ஆட்சி போய் இத்தனை வருஷமாகியும் ஆளுநர்கள் அதை விடத் தயாராக இல்லை.